தெருவெல் முதல் சகுந்தோ வரை: இரும்புத்தாது ரயில் ஓடிய தடத்தில் சைக்கிள் ஓட்டுவது எப்படி

ஸ்பெயினில் ரயில் ஓட்டம் நின்றுபோன தடங்களைச் சைக்கிளுக்கும் நடைக்கும் ஏற்றபடி மாற்றி, 'வியா வெர்டே', அதாவது பசுமைப் பாதை என்ற பெயரில் திறந்து வைத்திருக்கிறார்கள். 1993-ல் ஸ்பானிய ரயில்வே அறக்கட்டளை ஒருங்கிணைக்கத் தொடங்கிய திட்டம் இது, இன்று நாடு முழுக்க 3,000 கிலோமீட்டருக்கும் மேல் பரவியிருக்கிறது. அதில் எதை முதலில் ஓட்டலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஓஹோஸ் நெக்ரோஸ் பாதையைத்தான். அரகோன் பீடபூமியின் குளிரில் தொடங்கி, மலை தாண்டி, வலென்சியாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் வரை இறங்கும் சுமார் 160 கிலோமீட்டர். ஸ்பெயினின் மிக நீளமான பசுமைப் பாதைகளில் ஒன்று.

இதன் கதையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் எந்தப் பக்கமிருந்து ஓட்டுவது, எங்கே தங்குவது என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. தெருவெல் மாகாணத்தின் ஓஹோஸ் நெக்ரோஸ் ஊரில் இரும்புத்தாதுச் சுரங்கங்கள் இருந்தன. 1900-ல் தொடங்கிய சியேரா மெனேரா சுரங்க நிறுவனம் அந்தத் தாதைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பக்கத்திலேயே வலென்சியாவுக்கு ஒரு ரயில் பாதை இருந்தும், வாடகைப் பேரம் படியவில்லை. அதனால் சுரங்கக்காரர்கள் தங்கள் செலவிலேயே 200 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனித்தடம் போட்டுச் சகுந்தோ துறைமுகம் வரை கொண்டுபோனார்கள். 1907-ல் ரயில் ஓடத் தொடங்கியது, 1972-ல் நின்றது. தாது அதன் பிறகு பக்கத்துப் பொதுத்தடத்தில் போனது. பேரம் படியாமல் போன அதே தடத்தில்! அந்தப் பொதுத்தடத்தில் இன்றும் பயணிகள் ரயில் ஓடுகிறது, வழி நெடுக உங்களோடு கூடவே வரும். உடம்பு முடியவில்லை என்றாலும், வண்டி பழுதானாலும், ஏதாவது ஒரு ஊரில் ரயிலேறிவிடலாம் என்ற தெம்பு அதனால் கிடைக்கிறது.

சரி, திசை. தாது போன திசையிலேயே போங்கள், மேலிருந்து கடலுக்கு. எதிர்த் திசையில் ஓட்டுபவர்களும் உண்டு, அவர்களுக்கு வலுவான கால்கள் இருக்கின்றன.

அடுத்து, எங்கே தொடங்குவது. பலர் பர்ராகாஸ் ஊரில் தொடங்குகிறார்கள். அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் கிட்டத்தட்ட இறக்கம்தான், சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்களுக்கும் அதுவே சரி. ஆனால் உங்களுக்கு மூன்று நாள் இருந்தால் தயவுசெய்து தெருவெலில் தொடங்குங்கள். மேல்பாதியை விட்டுவிட்டால் இந்த ரயில் என்ன பாடுபட்டது என்பதே தெரியாமல் போய்விடும். நான்காவது நாளும் கைவசம் இருந்தால், இன்னும் வடக்கே சாந்தா எவுலாலியாவிலிருந்து தெருவெல் வரை சமவெளியில் ஓட்டலாம். வழியில் செல்யா ஊரின் ஊற்றுக்கிணற்றைப் பாருங்கள், குளம் போல அகன்று, கல் சுவர் கட்டி, தண்ணீர் தானாகப் பொங்கி வயல்களுக்கு ஓடுகிறது.

தெருவெலுக்குப் போக, வலென்சியாவின் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து ஸ்பெயினின் அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபேயின் வண்டி இருக்கிறது. சைக்கிளை ஏற்றலாம், ஆனால் ஒரு வண்டிக்குச் சில சைக்கிள்களுக்குத்தான் இடம், அதனால் டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிளுக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள். இந்தத் தடத்தில் அவ்வப்போது பராமரிப்பு வேலை நடந்து ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், அந்த நாட்களில் சைக்கிளை ஏற்ற மறுக்கலாம். ஆகவே தங்குமிடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே ரென்ஃபே தளத்தில் உங்கள் தேதிக்கு ஓடுவது ரயிலா பேருந்தா என்று பார்த்துவிடுங்கள். வாடகைச் சைக்கிள் எடுப்பவர்களுக்கு இன்னும் எளிது, கடைக்காரர்களே வேனில் மேலே கொண்டுபோய் விடும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

தெருவெல் நிலையத்தில் இறங்கியதும் எதிரே ஒரு பெரிய செங்கல் படிக்கட்டு மேலே ஏறும், பழைய ஊர் அதன் உச்சியில். பார்க்க அழகாக இருக்கிறதே என்று மூட்டை கட்டிய சைக்கிளைத் தோளில் தூக்காதீர்கள், பக்கத்திலேயே லிப்ட் இருக்கிறது. மேலே போய், இஸ்லாமியக் கலைப்பாணி கலந்த முதேஹார் கோபுரங்களைப் பாருங்கள். செங்கலும் பச்சை வெள்ளைப் பீங்கானும் கலந்து கட்டிய இவை, 1986-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. ஒரு மாலையாவது இந்த ஊருக்குக் கொடுங்கள். ஆனால் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள், ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மே மாதத்திலும் ராத்திரி குளிரும்.

இந்தக் குளிரை வைத்துத்தான் மாதத்தையும் முடிவு செய்ய வேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் மேலே பிற்பகல் இடிமழை, கீழே பலன்சியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொளுத்தும் வெயில். குளிர்காலத்தில் தெருவெல் ஸ்பெயினின் மிகக் குளிர்ந்த ஊர்களில் ஒன்று, பாதை உறைந்து கிடக்கும்.

முதல் நாள்தான் உழைப்பு. தெருவெலிலிருந்து எஸ்கந்தோன் கணவாய் வரை பாதை ஏறிக்கொண்டே போகும், மொத்த ஏற்றம் 300 மீட்டருக்கு மேல், உச்சி 1,200 மீட்டரைத் தாண்டும். ரயில் ஏற்றம் என்பது சாலை ஏற்றம் மாதிரி மூச்சு வாங்க வைக்காது, நூற்றுக்கு இரண்டு, இரண்டரைக்கு மேல் எங்கும் போகாது, ஏனென்றால் தாது நிரப்பிய வண்டியை நீராவி எஞ்சின் அதற்கு மேல் இழுக்காது. ஆனால் அந்த இரண்டு விழுக்காடு விடாமல், வளைவுக்கு வளைவு, மணிக்கணக்கில் நீளும். கண்ணுக்குச் சமதரை போலத் தெரியும், கால் மட்டும் கனக்கும். டயரில் காற்று குறைந்துவிட்டதோ என்று இறங்கிப் பார்க்கத் தோன்றும், காற்றெல்லாம் சரியாகத்தான் இருக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான், லேசான கியரில் போட்டு, பேசிக்கொண்டே போகிற வேகத்தில் மிதியுங்கள். இங்கே அவசரப்பட்டால் அடுத்த இரண்டு நாளும் தொடை வலிக்கும். தண்ணீர் தெருவெலிலேயே இரண்டு மூன்று லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள், லா புவெப்லா தே வல்வெர்தே வரும்வரை கடையை நம்பாதீர்கள்.

சைக்கிள் விஷயத்துக்கு வருவோம். பாதை பெரும்பாலும் இறுகிய மண்ணும் சரளையும், வலென்சியா பக்கம் சில இடங்களில் தார். மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள் வேண்டாம். 40 மில்லிமீட்டர் அகல டயர் உள்ள கிராவல் சைக்கிளோ, சாதாரண மவுண்டன் பைக்கோ போதும். சஸ்பென்ஷன் தேவையில்லை. ஆனால் முள்ளுக்குத் தயாராக வாருங்கள். நம் ஊரில் பார்க்கிற அதே நெருஞ்சி இங்கேயும் பாதையோரம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கிறது, சின்ன மஞ்சள் பூவோடு. ஓட்டும்போது அல்ல, படம் எடுக்க ஓரத்தில் சைக்கிளைச் சாய்க்கும்போதுதான் ஏறும். அதனால் நிறுத்தினால் நடுத்தடத்தை ஒட்டியே நிறுத்துங்கள், கிளம்பும் முன் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி டயரைக் கண்ணால் பாருங்கள். சீலன்ட் ஊற்றிய ட்யூப்லெஸ் டயர் என்றால் முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தால் தானே அடைத்துக்கொள்ளும். ட்யூப் டயர் என்றால், புது ட்யூபைப் போடும் முன் டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், ஒடிந்த முள்முனை ஒன்று உள்ளே இருந்தால் புது ட்யூபும் அடுத்த நூறு மீட்டரில் போய்விடும். இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டுகள், ஒரு பம்ப் கட்டாயம்.

விளக்கும் கட்டாயம். வழியில் சுரங்கப்பாதைகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் வெளிச்சம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெயிலிலிருந்து நேராக உள்ளே நுழைந்தால் சில நொடிகள் எதுவுமே தெரியாது, எதிரே நடந்து வருபவரும் தெரியமாட்டார். கருப்புக் கண்ணாடியை வாசலிலேயே கழற்றிவிட்டு, வேகத்தைக் குறைத்து, மணி அடித்தபடி போங்கள். நடப்பவர்களுக்குத்தான் முதலிடம். ஹெல்மெட் எப்போதும் போடுங்கள், ஊருக்கு வெளியே சாலையில் ஓட்டினால் ஸ்பெயினில் அது சட்டம். அவசரத்துக்கு 112.

எஸ்கந்தோனைத் தாண்டிவிட்டால் பாதை பெரும்பாலும் கீழ்நோக்கித்தான். முதல் இரவுக்கு லா புவெப்லா தே வல்வெர்தே அல்லது இன்னும் கொஞ்சம் தள்ளிச் சாரியோன். சாரியோனைச் சுற்றிலும் வரிசை வரிசையாகக் கருவாலி மரத் தோப்புகள் தெரியும், மரம் சிறியது, மதிப்பு வேருக்கடியில். கருப்பு ட்ரஃபிள் என்ற காளான் அங்கே விளைகிறது, உலகச் சந்தைக்குப் போகும் கருப்பு ட்ரஃபிளில் பெரும்பங்கு இந்த வட்டாரத்தினுடையது. தோப்புக்குள் கால் வைக்காதீர்கள்.

சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு. தெருவெல் பன்றித்தொடை உப்புக்கண்டத்துக்குப் பேர்போன மாகாணம், இறைச்சி இல்லை என்று சொல்லி வாங்கிய சாலட்டிலும் அது எட்டிப் பார்க்கும். அதனால் 'சின் கார்னே' என்பதோடு நிறுத்தாமல் 'சின் ஹமோன், சின் அதூன்' என்று ஹாமையும் டூனாவையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்த 'போகாதியோ தே தோர்தியா' எந்தச் சிறு ஊர் பாரிலும் கிடைக்கும், ஒன்று முழு வயிறு. நேரம்தான் முக்கியம். மதியச் சமையலறை ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான் திறக்கும், நாலு மணிக்கு மேல் கேட்டால் கையை விரிப்பார்கள், இரவு உணவு எட்டரைக்கு முன் கிடையாது. சிறு ஊர்களில் மளிகைக் கடைகள் பிற்பகலில் மூடிவிடும், ஞாயிறு பெரும்பாலும் திறக்காது. சனிக்கிழமையே ஞாயிறுக்கும் சேர்த்து ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துவிடுங்கள். ஊர்க் குழாய்களில் 'நோ பொதாபிளே' என்று எழுதியிருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை.

இரண்டாவது நாள் அல்பென்தோசா அருகே கொஞ்சம் நில்லுங்கள். பள்ளத்தாக்கைத் தாண்ட இரண்டு ரயில் தடங்களுக்கும் தனித்தனியே பாலம், கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்தில். ஒன்றின் மேல் இன்று சைக்கிள், இன்னொன்றின் மேல் ரயில். இரண்டு நிறுவனங்கள் ஒத்துப்போயிருந்தால் ஒரு பாலம் போதும், நமக்கு இந்தப் பாதையும் இருந்திருக்காது. பிறகு காற்றாலைகள் சுழலும் பர்ராகாஸ், காற்றுக்கேற்ற மாதிரி உடுத்திக்கொள்ள வேண்டிய இடம், ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். அங்கிருந்து கவுதியெல் வரை நீண்ட இறக்கம். மிதிக்காமலே வேகம் ஏறும், சரளையில் வளைவுகளில் பின்பிரேக்கை முன்கூட்டியே மெதுவாகப் பிடியுங்கள், முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். பைன் மரங்களில் தொடங்கி, பாதாம், ஆலிவ் என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வரும், காற்றிலும் சூடு கூடும்.

இரவுக்கு ஹெரிகா அல்லது நவாஹாஸ். எனக்கு நவாஹாஸ் பிடிக்கும். ஊர்ச் சதுக்கத்தில் 1636-ல் நட்ட எல்ம் மரம் நிற்கிறது, கீழே பலன்சியா ஆற்றோரம் உயரமான அருவி ஒன்று. கவுதியெலிலிருந்து கீழே வலென்சியாவின் சி-5 புறநகர் ரயிலும் கிடைக்கிறது, நாளுக்குச் சில வண்டிகள்தான், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நாள் சுலபம். செகோர்பேயில் ஒரே சுவரில் 50 குழாய்கள் வரிசையாகத் தண்ணீர் கொட்டும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஸ்பானிய மாகாணத்தின் சின்னம். அதற்கப்புறம் ஆரஞ்சுத் தோட்டங்கள். பசுமைப் பாதை அல்ஹீமியா தே அல்ஃபாரா பக்கம் முடிந்துவிடும், சகுந்தோவுக்கு மீதி 15, 20 கிலோமீட்டர் சிறு சாலைகள், நெடுஞ்சாலையில் ஏறாமல் ஊர்களுக்கு நடுவே போகும் வழியை முன்பே போனில் இறக்கி வையுங்கள்.

சகுந்தோவில் ரோமானிய அரங்கையும் கோட்டையையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். இன்னும் சில கிலோமீட்டர் துறைமுகம் வரை மிதியுங்கள். அங்கேதான் தாது கப்பலேறியது, அங்கேதான் அதை உருக்க ஆலைகள் எழுந்தன, 1984-ல் ஆலை மூடப்பட்டபோது ஊரே தெருவில் இறங்கிப் போராடியது. மிச்சமிருக்கும் இரண்டாம் எண் ஊது உலையைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், உள்ளே போக முன்பதிவு தேவையா என்று ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு சகுந்தோ நிலையத்துக்குத் திரும்பி வந்தால் சி-5, சி-6 புறநகர் ரயில்கள் வலென்சியாவுக்கு. கூட்ட நேரத்தைத் தவிர்த்து ஏறினால் சைக்கிளுக்கு நிம்மதியாக இடம் கிடைக்கும்.