பலாக்கொட்டை போதும்: குழந்தைக்கு எண்ணச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

என் மகளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். போன மாதம் சில்வர் பீச்சில் "அஞ்சு சிப்பி எடுத்துட்டு வாடா கண்ணு" என்றேன். இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினாள். அத்தனை நாளும் அவள் பாடியது வெறும் பாட்டு என்று அன்றுதான் உறைத்தது.

முதலில் சாமான். மணிச்சட்டம் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். ஒரு தள்ளில் நாலு மணி சேர்ந்து ஓடும். எங்கள் கடலூர்ப் பக்கம் சீசனில் பண்ருட்டிப் பலாவின் கொட்டைக்குப் பஞ்சமில்லை. கழுவிக் காயவைத்து ஐந்தே ஐந்து எடுங்கள். புளியங்கொட்டை சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். ஓட்டோடு இருக்கும் முந்திரிக்கொட்டை வேண்டவே வேண்டாம். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளித்துவிடும்.

கொட்டைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணைச் சொல்லிக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். விரலை மட்டும் நீட்டி எண்ணினால் ஒன்றை இரண்டு தடவை எண்ணுவார்கள், இல்லையென்றால் தாண்டிவிடுவார்கள். எவர்சில்வர் கிண்ணமாக இருந்தால் 'டங்' சத்தத்துக்காகவே போடுவார்கள்.

அடுத்ததுதான் நான் இரண்டு வாரம் முட்டிக்கொண்டு நின்ற இடம். எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். நானும் விடாமல் கேட்டு அவளை அழவைத்ததுதான் மிச்சம். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்துக்கும் பெயர் என்பது குழந்தைக்குத் தானாகத் தெரியாது. அவளுக்கு 'மூணு' என்பது மூன்றாவது கொட்டையின் பெயர், அவ்வளவுதான்.

சரி என்று கேள்வியையே விட்டேன். "இங்க பாரு, மூணு கொட்டை" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பிறகு எண்ணிக் காட்டினேன். அப்புறம் சாப்பாட்டு நேரத்தில், "தாத்தா தட்டுல ரெண்டு இட்லி வை." ஒன்று பிடிபட்டு, பிறகு இரண்டு, அதற்கப்புறம் மூன்று என்று படிப்படியாகத்தான் வரும், ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் ஆகலாம். எழுதவைக்க அவசரப்படாதீர்கள்.

பிற்சேர்க்கை: இருபத்தொன்பதுக்கு அப்புறம் "இருபத்திப்பத்து" என்கிறான் பையன் என்று கருத்தில் ஓர் அம்மா எழுதியிருந்தார். திட்டாதீர்கள், எண்கள் அடுக்கப்படும் விதம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. முப்பதை மட்டும் எடுத்துக்கொடுங்கள். தொண்ணூறு அப்படி ஊகத்துக்குச் சிக்காது, காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

கொட்டை குழம்புக்குப் போய்விட்டது என்று சொன்னவருக்கு: தண்ணீர்ப் பாட்டில் மூடியும் நன்றாகவே எண்ணும்.