ரேடியேட்டர் தண்ணீரை வீட்டிலேயே மாற்றும் முறை: ஹீட்டரைத் திறக்க மறக்காதீர்கள்

போன அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம் கத்திப்பாராவைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் போய்க்கொண்டிருந்தேன். ஏசியில் குளிர் நின்று வெறும் காற்று வந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மீட்டரைப் பார்த்தால் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் பல கார்களில் கம்ப்யூட்டரே ஏசி கம்ப்ரஸரை நிறுத்திவிடும் என்பது அன்றுதான் தெரிந்தது. ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவைத்து, ஒரு மணி நேரம் காத்திருந்து மூடியைத் திறந்தேன். உள்ளே பால் விடாத டீ நிறத்தில் தண்ணீர்.

காரணம் எளிது. மூன்று வருடமாக ஒவ்வொரு சர்வீஸின்போதும் கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) குறைந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இந்த வேலையை நானே இரண்டு முறை செய்தேன். முதல் முறை தோற்றது, இரண்டாம் முறை சரியாக வந்தது. எங்கே தோற்றேன் என்பதைத்தான் இதில் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அந்த இடத்தைப் பத்து விநாடியில் தாண்டிவிட்டன.

கூலன்ட் எதற்கு என்று ஒரு பத்தி மட்டும். கொதிநிலையை உயர்த்துவதில் கூலன்டைவிட ரேடியேட்டர் மூடிக்குத்தான் பெரிய பங்கு. சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் அதே தண்ணீர் 120 டிகிரி வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் ஏழெட்டு டிகிரி கிடைக்கும். பனி உறையாத நம் ஊரில் கூலன்டின் உண்மையான வேலை துருவையும் உப்புப் படிவையும் தடுப்பது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்து போர் தண்ணீர் பக்கெட்டில் என்ன செய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் ஒட்டுகிறது.

வாங்க வேண்டியவை

கூலன்ட் தண்ணீர் கலக்காத 'கான்சன்ட்ரேட்' ஆக இருக்க வேண்டும். கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் இந்த வேலைக்கு ஆகாது. ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறேன். எந்த வகை என்பதை காரோடு வந்த புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பாதீர்கள். நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொருந்தாத இரண்டு வகைகளைக் கலந்தால் சில சமயம் கூழ் மாதிரி திரண்டு குழாயை அடைத்துவிடும். நான் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் வாங்கினேன். போகும்போது காலி டப்பாவையோ அதன் போட்டோவையோ எடுத்துப் போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் இரண்டு. அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரி கேனில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். வீட்டு ஆர்ஓ தண்ணீர் பரவாயில்லை, ஆனால் சுவைக்காக அதில் உப்பைச் சேர்க்கும் மெஷின்களும் உண்டு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காயிலில் படிந்த தூசி எல்லாம் அதில் இருக்கிறது.

கருவிகள்: ஒரு பிளையர், அகலமான பிளாஸ்டிக் பேசின், நீண்ட கழுத்துள்ள புனல், லிட்டர் கோடு போட்ட பழைய கேன். இந்தக் கேன்தான் முக்கியம். ஹோஸ் மாட்டும் கிளிப்பில் எனக்கு ஸ்பிரிங் கிளிப்தான் பிடிக்கும். ஸ்க்ரூ வைத்த கிளிப்பை இறுக்க இறுக்க, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து விரிசல் விடும். ஸ்பிரிங் கிளிப்பில் அந்தத் தவறு செய்யவே முடியாது. ரேடியேட்டர் ஃப்ளஷ் கெமிக்கல்களை நான் வாங்குவதில்லை. பழைய ரேடியேட்டரில் துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கரைத்தால் ஒழுகல் ஆரம்பிக்கும்.

வடிப்பது

ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஆரம்பியுங்கள். முந்தின இரவிலிருந்து வண்டியை எடுத்திருக்கக் கூடாது. சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும், இதில் விளையாட்டே வேண்டாம். மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது.

ரேடியேட்டரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் காது மாதிரி திருகு இருக்கும். பேசினை வைத்து அதைத் திருப்புங்கள், மேல் மூடியையும் திறந்துவிடுங்கள். திருகு இல்லாத கார்களில் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும். வருடக்கணக்கில் ஒட்டிப்போன ஹோஸை இழுக்காமல் முதலில் சுழற்றுங்கள். ரிசர்வ் டப்பாவையும் கழற்றிக் கழுவுங்கள், அடியில் சேறு தங்கியிருக்கும்.

வந்ததை அளந்து எழுதிவையுங்கள். என் காரில் மூன்று லிட்டர் வந்தது. புத்தகத்தில் மொத்தக் கொள்ளளவு ஐந்து என்று போட்டிருந்தது. மீதி இரண்டு லிட்டர் எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிட்டது. மேலே சொன்ன கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

முதல் வடிப்பில் 40 சதவீதம் பழசு உள்ளே நிற்கிறது. தண்ணீர் நிரப்பி, ஓடவிட்டு, வடித்தால் 16. இன்னொரு சுற்றில் 6 சொச்சம். மூன்றாவதில் 3க்கும் கீழே. ஆகவே மூன்று சுற்று. கடைசி இரண்டைக் கட்டாயம் டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஹீட்டர் குமிழை முழுச் சிவப்புக்குத் திருப்பி (ஏன் என்று கீழே சொல்கிறேன்), எஞ்சினை ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை சூடாக்க வேண்டும். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இருக்கும் வால்வான தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும், அதற்கு முன் அணைத்தால் நீங்கள் கழுவியது ரேடியேட்டரை மட்டும்தான். பிறகு ஆறவிட்டு வடியுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் விரிசல் விழலாம். ஆறுவதற்கே நேரம் பிடிக்கும், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடியாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கடைசியில், உள்ளே இரண்டு லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் பாதிக்குப் பாதி கலந்த ரெடிமிக்ஸ் மூன்று லிட்டர் ஊற்றினால் ஐந்தில் ஒன்றரை லிட்டர்தான் கூலன்ட், அதாவது 30 சதவீதம். இரண்டரை லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றி, மீதி அரை லிட்டரை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் பாதிக்குப் பாதி சரியாக வரும்.

ஹீட்டர், காற்று

இப்போது நான் தோற்ற இடம். சென்னையில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? என் காரில் அந்தக் குமிழ் வாங்கிய நாள் முதல் நீலப் பக்கமே நின்றது. என்னுடையதைப் போன்ற சில கார்களில் குமிழ் நீலத்தில் இருந்தால் ஹீட்டருக்குப் போகும் வால்வு மூடியிருக்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும் அந்த ஹீட்டரில் நின்ற துருத் தண்ணீர் நான் செய்த மூன்று சுற்றிலும் அசையவே இல்லை. பிறகு ஏதோ ஒரு நாள் குமிழ் திரும்ப, புதுக் கூலன்ட் பழுப்பாகிவிட்டது.

அதைவிடப் பெரிய தவறு, சமதரையில் வைத்து வேகமாக ஊற்றியது. மூன்று லிட்டர் வெளியே வந்தது, உள்ளே போனது இரண்டேகால்தான். கழுத்து வரை நிரம்பிவிட்டதே என்று மூடிவிட்டேன். மிச்சம் முக்கால் லிட்டர் இடத்தில் காற்று இருந்தது. மறுநாள் வேளச்சேரியிலிருந்து தரமணி போவதற்குள் முள் ஏறியது, சட்டென்று இறங்கியது, மறுபடி ஏறியது. முள் இறங்கியதைப் பார்த்து நிம்மதியாக ஓட்டினேன், அதுதான் ஆபத்து. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் ஒழுங்காகக் காட்டும். காற்றுக்குமிழ் வந்து அதைச் சூழ்ந்தால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் குறைவாகக் காட்டலாம்.

காற்று மேலே ஏறும். ஆகவே மூடியின் வாய்தான் எல்லாவற்றிலும் உயரமான இடமாக இருக்க வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பார்க்கிங்கை உயர்த்தி, வாசலில் சரிவு போட்டிருக்கிறார்கள். அந்தச் சரிவில் காரின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரங்களுக்குப் பின்னால் செங்கல் வையுங்கள். காருக்குப் பின்னால் குழந்தைகள் யாரும் நிற்கக் கூடாது.

ஹீட்டரை முழுச் சிவப்புக்குத் திருப்புங்கள். ஏசி வேண்டாம், ப்ளோயரும் இப்போதைக்கு வேண்டாம். மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். அரை லிட்டருக்கு ஒருமுறை நிறுத்தி மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாற்றி மாற்றிப் பிசையுங்கள், குபுக் குபுக்கென்று குமிழி வரும். நிரம்பியதும் மூடி போடாமல், புனலை அப்படியே வைத்து எஞ்சினைக் கிளப்புங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். திடீரென்று மட்டம் சரசரவென்று இறங்கும், மேல் ஹோஸ் சுடும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. ஊற்றிக்கொண்டே இருங்கள். புனலில் குமிழி நிற்கும்வரை, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை பொறுமை வேண்டும். ஃபேனும் பெல்ட்டும் கண்ணுக்குத் தெரியாமல் கையை இழுத்துவிடும், துப்பட்டா, லுங்கி நுனி எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள்.

இப்போது ப்ளோயரைப் போட்டுப் பாருங்கள். கொதிக்கிற காற்று வந்தால் ஹீட்டருக்குள் கூலன்ட் ஓடுகிறது. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் சூடாகவும், விட்டால் வெதுவெதுப்பாகவும் வந்தால் இன்னும் காற்று இருக்கிறது. டாஷ்போர்டுக்குள் தண்ணீர் உருளும் சத்தமும் அதே அடையாளம். இரண்டாம் முறை எனக்கு மே மாத வெயிலில் ஹீட்டர் காற்று முகத்தில் அடித்தபோது அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

எஞ்சினை அணைத்து மூடியைப் போடுங்கள். கேனில் மீதி எவ்வளவு என்று பாருங்கள். வெளியே வந்த அளவு உள்ளே போயிருந்தால் வேலை முடிந்தது. அடுத்த இரண்டு மூன்று நாள் காலையில் ரிசர்வ் டப்பாவில் கோடு வரை நிரப்புங்கள், கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

பழைய தண்ணீர்

கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைகால். இனிக்கும், விஷம். நாயோ பூனையோ கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய் இறந்துவிடும். பேசினை ஒரு நிமிடம்கூடத் திறந்துவைத்துவிட்டுப் போகாதீர்கள், சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுத் துடைத்து எடுங்கள். பார்க்கிங்கில் இருக்கும் ஜல்லிக்குழியில் தள்ளிவிடலாம் என்றும் தோன்றும். 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புக் குழி அது, அதில் ஊற்றினால் நேராக நம் நிலத்தடி நீருக்குப் போகும். கேனில் அடைத்து, உள்ளே இருப்பது என்ன என்று எழுதி, கழிவு ஆயிலைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். நான் கேட்ட இரண்டாவது இடத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

பின்சேர்க்கை: ரேடியேட்டரில் மூடியே இல்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அந்தக் கார்களில் அழுத்தம் தாங்கும் மூடி பிளாஸ்டிக் டேங்கின் மேல் இருக்கும், ஊற்றுவது அங்கேதான். ஹோஸின் உயரமான இடத்தில் காற்று விடும் சின்ன ஸ்க்ரூ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வந்ததும் மூடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: "சென்னை வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றிப் போட்டுவிடுங்கள் என்று மெக்கானிக் அண்ணன் சொல்கிறார்" என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், அதுவரை பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சூடேறுகிறது என்றால் முதலில் மூடியை மாற்றுங்கள், பிறகு ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் கழற்றி, ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் அது வாய் திறந்தால் நல்ல தெர்மோஸ்டாட். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.