மருந்தும் லிப்பிடும் கலந்த படலம்: ஊட்டி லேபில் எங்கெங்கே பிசகும்?

ரத்தக்குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட், எலும்பில் முடுக்கும் டைட்டானியம் திருகு போன்றவற்றின் மேல் மருந்து கலந்த லிப்பிட் (கொழுப்பு வகை மூலக்கூறு) பூச்சு போட நினைப்பவர்கள், அந்தக் கலவையை முதலில் தண்ணீரின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் பரப்பிப் பார்ப்பதுண்டு. இதற்கான நகரும் தடுப்புகள் கொண்ட ஆழமற்ற தொட்டிதான் லாங்மியூர் தொட்டி. அதில் தடுப்புகளை நெருக்க நெருக்க மூலக்கூறுகளுக்கு இடம் சுருங்கும், பரப்பு அழுத்தம் ஏறும். அந்த வளைகோட்டை வைத்து மருந்தும் லிப்பிடும் ஒட்டுகின்றனவா, விலகுகின்றனவா என்று சொல்லலாம். அவசரப்படாவிட்டால்.

ஊட்டி, குன்னூர் பக்கம் இந்தச் சோதனை செய்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது குளிரை. எல்லாரும் எடுக்கும் லிப்பிட் டிபிபிசி. 25 டிகிரியில் அதன் வளைகோட்டில் 8, 9 மில்லிநியூட்டன்/மீட்டர் வாக்கில் தட்டையான ஒரு பகுதி வரும்; தளர்வாக இருந்த படலம் இறுகிய நிலைக்கு மாறும் இடம் அது. 20 டிகிரியில் அது 5-ஐ ஒட்டி இறங்கிவிடும். மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் 14, 15 டிகிரியில் இருந்தால் அந்தத் தட்டையே காணாமல் போகும். உடனே லிப்பிட் கெட்டுவிட்டது என்று பாட்டிலைக் குப்பையில் போட வேண்டாம். இதைவிட மோசமானது, தனி லிப்பிடைக் காலையிலும் கலவையை வெயில் ஏறிய மதியத்திலும் எடுப்பது. வெயில் செய்த வேலைக்கு மருந்து பெயர் வாங்கிக்கொள்ளும். தொட்டியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சுழல்நீர்க் கருவியின் டிஸ்ப்ளே காட்டும் எண்ணை நம்பாமல், வெப்பமானியைப் படலத்துக்கு அடியிலுள்ள தண்ணீரிலேயே வையுங்கள். பூச்சு கடைசியில் வேலை செய்யப்போவது 37 டிகிரியில் என்பதும் நினைவிருக்கட்டும்.

மலையில் காற்றழுத்தம் குறைவு, கலவையைக் கரைத்துப் பரப்ப உதவும் குளோரோஃபார்ம் சட்டென்று பறந்துவிடும் என்று காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. 2,240 மீட்டர் உயரத்தில் அதன் கொதிநிலை 61-லிருந்து சுமார் 53 டிகிரிக்கு இறங்குவது உண்மைதான். ஆனால் 15 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் 25 டிகிரியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வழக்கமான 10, 15 நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அழுக்கு விஷயம் தெரிந்ததுதான், ஆனாலும் நீலகிரியில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சளி பிடித்தால் கை தானாகத் தைலத்துக்கும் பாமுக்கும் போகிற ஊர் இது. பாமில் உள்ள மெழுகும் எண்ணெயும் விரலிலிருந்து தடுப்புக்குப் போனால் படலத்தோடு சேர்ந்துவிடும். தண்ணீரின் மின்தடை 18.2 மெகாஓம் காட்டுகிறதே என்று நிம்மதி அடைய முடியாது. மின்னூட்டமில்லாத எண்ணெய்ப் பசையை அந்த மீட்டர் கண்டுகொள்ளாது. ஒன்றும் பரப்பாத வெறும் தண்ணீரைக் கடைசிவரை நெருக்கிப் பாருங்கள். அழுத்தம் 0.2 மில்லிநியூட்டன்/மீட்டருக்கு மேல் ஏறினால் அன்றைக்குத் தொட்டியைக் கழுவுவதுதான் வேலை.

பெரிய தவறு கணக்கில் வருகிறது. ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடத்தை லிப்பிடுக்கும் மருந்துக்கும் தனித்தனியாக அளந்து, அந்தப் பரப்புகளை மோல் விகிதப்படி (மூலக்கூறு எண்ணிக்கை விகிதப்படி) கூட்டி, அதைவிடக் கலவையின் பரப்பு குறைந்தால் ஈர்ப்பு, கூடினால் விலக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 30 மில்லிநியூட்டன்/மீட்டரில் லிப்பிடுக்கு 45, மருந்துக்கு 100 சதுர ஆங்ஸ்ட்ராம் என்றால், சரிபாதிக் கலவைக்கு 72.5 வர வேண்டும். வந்தது 65. ஆகா, ஈர்ப்பு! ஆனால் மருந்தில் 15 சதவீதம் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் கரைந்திருந்தாலும் 22.5, 42.5 இரண்டும் சேர்ந்து அதே 65-தான் வரும். அழுத்தத்தை நிலையாக வைத்துவிட்டு அரைமணி நேரம் பாருங்கள். பரப்பு சுருங்கிக்கொண்டே போனால் கரைவு பற்றிச் சந்தேகப்படலாம். தனியாகப் படலமே போடாத மருந்தாக இருந்தால் அந்த 100 என்ற எண்ணுக்கே அர்த்தமில்லை.

மருந்து முழுக்க மேலேயே இருந்தாலும் அவசரம் வேண்டாம். கொண்டைக்கடலையில் கடுகைக் கொட்டினால் அது சந்துக்குள் இறங்கும், மொத்த இடம் குறையும். இரண்டுக்கும் ஈர்ப்பு என்று யாரும் சொல்வதில்லை. கணக்கிட்ட பரப்புக்கும் அளந்த பரப்புக்கும் வித்தியாசம் சுழியம் என்றால் வேறொரு பொறி: ஈர்ப்பும் விலக்கமும் இல்லாமல் சீராகக் கலக்கும் இலட்சியக் கலப்பிலும் சுழியம் வரும், இரண்டும் துளியும் கலக்காமல் தனித்தனித் திட்டுகளாகக் கிடந்தாலும் சுழியம்தான் வரும். கலப்பு விகிதத்தை மாற்றும்போது படலம் உடையும் அழுத்தமும் நகர்கிறதா என்று பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம். தண்ணீர்ப் பரப்பின் மேலுள்ள படலத்தைக் காட்டும் புரூஸ்டர் கோண நுண்ணோக்கி கிடைத்தால் திட்டுகளைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

எடைக்கு எடை கலந்துவிட்டு மோல் பின்னம் 0.5 என்று எழுதுவது இன்னொன்று. ஸ்டென்ட் பூச்சில் சேர்க்கும் சிரோலிமஸ் என்ற மருந்தின் மூலக்கூறு எடை 914, டிபிபிசிக்கு 734. மருந்தின் பின்னம் 0.45-தான்.

கடைசியாக, தண்ணீரில் கண்டதை அப்படியே ஸ்டென்டுக்குப் பொருத்துவது. சிரோலிமஸ் ஒரு மூலக்கூறு ஒரு சதுர நானோமீட்டர் பிடிக்கும் என்று வைத்தால், ஒற்றைப் படலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 0.15 மைக்ரோகிராம் மருந்துதான் நிற்கும். 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைஃபர் ஸ்டென்டின் பாலிமர் பூச்சில் அதே பரப்புக்கு 140 மைக்ரோகிராம் இருந்தது, ஏறத்தாழ 900 மடங்கு. எனவே மருந்து எத்தனை நாள் கசியும் என்பதைத் தொட்டி சொல்லாது. அதற்கு உலோகத் தகட்டில் அசல் தடிமனுக்குப் பூசி, 37 டிகிரி உப்புக் கரைசலில் தனியாக அளந்தாக வேண்டும்.