வற்றத்தில் கரையேறும் ஓங்கில்கள்: எங்கே நின்று, எப்படிப் பார்ப்பது

அமெரிக்காவின் தென் கரோலினா, ஜார்ஜியா கரையோர உப்பங்கழிகளில் ஓங்கில்கள் மீனைச் சேற்றுக்கரைக்கு விரட்டி, தாமும் அதன் பின்னாலேயே தரையேறி விழுங்குகின்றன. டால்பின் என்று நாம் சொல்லும் அதே விலங்குதான். ஒரு பாய்ச்சல் சில நொடிகளில் முடிந்துவிடும். அதைத் தரையில் நின்றே பார்க்க நல்ல இடம் சார்ல்ஸ்டனுக்குத் தென்மேற்கே, கியாவா தீவுக்கும் சீபுரூக் தீவுக்கும் நடுவே உள்ள கேப்டன் சாம்ஸ் முகத்துவாரம். கியாவாவின் மேற்குக் கோடியில் இருக்கும் பீச்வாக்கர் பூங்காவில் வண்டியை நிறுத்திவிட்டு, கடலை இடப்பக்கம் வைத்துக் கடற்கரையோடு மேற்கே நடக்க வேண்டும். மணலில் நல்ல நடை. குடிநீர் கையோடு இருக்கட்டும்.

முதலில் ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறும் (ஏற்றம்), இறங்கும் (வற்றம்) நேரங்களின் பட்டியல். ஏற்றத்தின்போது மடவை மீன்கள் சதுப்புப் புல்லுக்குள் பரவிக்கிடக்கும், ஓங்கில் அங்கே நுழைய முடியாது. தண்ணீர் இறங்க இறங்க மீன் குறுகிய வாய்க்காலுக்குள் வந்தே ஆகவேண்டும். வழுக்கலான சரிவுக் கரையும் வெளியே தெரியும். ஆகவே கடைவற்றத்துக்கு (தண்ணீர் மிகக் கீழே இறங்கி நிற்கும் நேரம்) 2 மணி நேரம் முன்பிருந்து 2 மணி நேரம் பின்பு வரை அங்கே இருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வற்றம், அடுத்த நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அட்டவணையில் கோடைகால நேரம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் வழக்கம்) சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு மணி நேரப் பிசகில் கால்வாசி வாய்ப்பு போய்விடும். கழிக்குள்ளே போகப் போக, கடல்முகத்தைவிடத் தாமதமாகத்தான் தண்ணீர் வற்றும்.

ஆண்டு முழுவதும் காணலாம் என்றாலும், மடவை கூட்டம் கூட்டமாகத் தெற்கே நகரும் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் எங்கள் பரிந்துரை. நம்மூர்க் கழிகளில் துள்ளும் அதே மடவை இனம்தான் அங்கேயும். காலையில் வற்றம் விழும் நாளாகத் தேர்ந்தெடுத்தால் கியாவா பக்கம் நிற்பவருக்கு வெயில் முதுகில் விழும். மாலையில் கண்ணைக் கூசும்.

இனி நிற்கும் இடம். பலர் கெடுத்துக்கொள்வது இதில்தான். தண்ணீர் விளிம்பில் வரிசையாக ஆட்கள் நின்றால், ஓங்கில் அந்தக் கரையை விட்டுவிடும். விளிம்பிலிருந்து குறைந்தது 15 கஜம் பின்வாங்கி, மேட்டு மணலில் ஒரே இடத்தில் உட்காருங்கள். ஓங்கில் நகர்ந்தால் கூடவே ஓடாதீர்கள். நாயைக் கொண்டுவராதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள். கயாக்கில் (சிறு துடுப்புப் படகில்) வருபவர்கள் 50 கஜம் தள்ளி, எதிர்க்கரையோரம் நிற்க வேண்டும். கரைக்கும் ஓங்கிலுக்கும் நடுவே படகு நுழைந்தால் வேட்டை அதோடு முடிந்தது. மீன் போடுவதும் தொந்தரவு செய்வதும் 1972ஆம் ஆண்டு கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பாய்ச்சலை முன்கூட்டியே அறியலாம். கரையோரம் மெதுவாக உலவும் ஓங்கில் தலையை மட்டும் நீருக்கு மேலே நீட்டிக் கரையைப் பார்க்கும். கொக்கும் கடற்காகமும் திடீரென ஒரே இடத்துக்கு ஓடும். பறவைகள் நம்மைவிட முந்திக்கொள்ளும், அவற்றையே கவனியுங்கள். பிறகு இரண்டு மூன்று முதுகுகள் ஒரே பக்கம் திரும்பும், தண்ணீர் ஒரு மேடாக உப்பும். அந்த அலை மடவையோடு சேற்றில் வந்து மோதும்போது, பின்னாலேயே பளபளக்கும் சாம்பல் உடல்கள் தோளோடு தோளாகச் சறுக்கி ஏறும். உற்றுப் பாருங்கள்: அநேகமாக எல்லாமே வலப்பக்கமாகச் சாய்ந்துதான் விழும். துள்ளும் மீனைத் தாடையால் கவ்வி, உடலை நெளித்து வாலை அடித்துப் பின்னோக்கி வழுக்கி இறங்கும். சேற்றில் ஒரு மழமழப்பான தடம் மட்டும் மிஞ்சும். சேறும் மணலும் சேர்ந்து வாய்க்குள் போவதால் இவற்றுக்கு வலப்பக்கப் பற்கள் கூடுதலாகத் தேய்கின்றன. குட்டி தாயோடு இருந்துதான் இந்த வித்தையைக் கற்கிறது. அதனால்தான் ஒரு கரையை ஆட்கள் பிடித்துக்கொள்வது, அன்றைய இரையோடு அடுத்த தலைமுறையின் பாடத்தையும் கெடுக்கிறது.

படம் எடுப்பவர்கள் 1/1600 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகமும் தொடர் படப்பிடிப்பும் வைத்து, தண்ணீர் உப்பும் கணமே அழுத்தத் தொடங்க வேண்டும். உடல் தெரிந்தபின் அழுத்தினால் வால்தான் கிடைக்கும். பார்க்க மட்டும் வருபவர்களுக்கு 8×42 இருநோக்கி (பைனாகுலர்) போதும்.

காலில் மூடிய செருப்பு அவசியம். சிப்பிப் படுகை கத்திபோல் கிழிக்கும். சேற்றில் இறங்கவே வேண்டாம், முழங்கால் வரை வாங்கும். முகத்துவாரத்து நீரோட்டம் கடுமையானது, குறுக்கே நடந்தோ நீந்தியோ போகக் கூடாது. தாழ்ந்த மணல்திட்டில் நின்றால், ஏற்றம் திரும்பியதும் முதலில் உங்கள் முதுகுப்பக்கப் பள்ளம்தான் நிரம்பும்; அதற்குள் திரும்பிவிடுங்கள். கூடுகட்டும் பறவைகளுக்காகக் கயிறு கட்டிய பகுதிக்குள் கால் வைக்காதீர்கள்.

கரையேறிய ஓங்கிலைச் சிக்கிக்கொண்டதாக எண்ணி யாரேனும் தள்ளிவிட ஓடினால் தடுங்கள். அது தானே இறங்கும். தனியாக ஒன்று நிமிடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் மட்டும் நோயோ காயமோ இருக்கலாம். அப்போதும் தண்ணீருக்குள் தள்ளாமல், மாநிலத்தின் கடல் பாலூட்டி மீட்பு எண்ணை அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கிளம்பும் முன்பே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.