சீப்பில் கொத்தாக முடி வந்தால்

தலை சீவியதும் சீப்பில் சுருண்டு கிடக்கும் முடியைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்புதான். சில நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்துவிட்டுக் குளித்தால், எல்லாம் சேர்ந்து கொட்டும்.

அதற்கு மேலும் கொட்டுகிறதா? ஷாம்பூவை மாற்றுவதற்கு முன், இரண்டு மூன்று மாதம் பின்னால் யோசித்துப் பாருங்கள். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், திடீர் எடைக் குறைவு... இவற்றின் பாதிப்பு முடியில் தெரிய அவ்வளவு நாள் ஆகும். இந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். நெற்றியோரம் குட்டிக் குட்டியாக முடி நீட்டிக்கொண்டிருந்தால் அது புதிதாக முளைப்பதாக இருக்கலாம். அதைப் பார்க்கும்போது வரும் நிம்மதியே தனி!

வகிடு அகலமாகிக்கொண்டே போனால் கதை வேறு. அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, தானாக நிற்காது. தோல் மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள். இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். அவர் முடி வளர உதவும் மினாக்ஸிடில் என்ற மருந்தைக் கொடுத்தால், முதல் சில வாரங்கள் உதிர்வு கூடலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். கர்ப்பமாக இருந்தாலோ, பாலூட்டினாலோ முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

அப்புறம், ஈர முடி சுலபமாக அறுந்துவிடும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கொஞ்சம் காய்ந்ததும், அகலப் பல் சீப்பால் முதலில் நுனிச் சிக்கை எடுத்துவிட்டு மெல்ல மேலே போங்கள். இறுக்கிக் கட்டும் கொண்டையையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள்.