மும்பை வீட்டைக் காலி செய்ய வருகிறீர்களா? புத்தக பீரோவை முதலில் திறங்கள்

மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக ரீடெவலப்மென்ட்டுக்கு, அதாவது இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு, போய்க்கொண்டிருக்கின்றன. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு பூட்டியே கிடந்த வீட்டுக்கு பில்டர் தேதி குறிக்கிறார். நியூ ஜெர்சியிலிருந்தோ துபாயிலிருந்தோ பிள்ளைகள் இரண்டு வார லீவில் ஓடி வருகிறார்கள். நகை, பத்திரம், பேங்க் லாக்கர் எல்லாம் முதல் நாளே பார்த்தாகிவிடும். புத்தக பீரோ மட்டும் கடைசி நாள் வரை நிற்கும். அப்புறம் பழைய காகிதம் வாங்கும் ரத்திவாலா தராசோடு வருவார், எல்லாம் கிலோ கணக்கில் போய்விடும்.

அந்த பீரோவை முதல் நாளே திறக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழுக்கு இன்று இருக்கும் பெரிய ஆய்வு நூலகங்களில் ஒன்று இப்படி ஒரு வீட்டிலிருந்து வந்ததுதான். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, தன் கைக்காசைப் போட்டு நூல்களையும் பத்திரிகைகளையும் நாடக நோட்டீஸ்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படி, அதில் பாதி புத்தகம். வாங்கிய பல்கலைக்கழகம் அதைக் கப்பலில் ஏற்றவில்லை. தமிழ்நாட்டிலேயே வைத்து, மைக்ரோபிலிம் எடுத்து, 1996-இல் சென்னையில் வாசகர்களுக்குத் திறந்துவிட ஏற்பாடு செய்தது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்ற பெயரில் அது இப்போது தரமணியில் இருக்கிறது. பிற்பாடு பலருடைய சொந்தச் சேகரிப்புகளும் அங்கே வந்து சேர்ந்தன. பல்கலைக்கழகம் பணம் கொடுக்கலாம், அறை கொடுக்கலாம். உள்ளே வைக்கச் சரக்கு வீடுகளிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

முதலில் ஒரு நாள் ஃபோர்ட் பக்கம் போய்வாருங்கள்

பீரோவைப் பிரிக்கும் முன் ஒரு பழைய நூலகத்தைப் பார்த்துவிட்டால் கை தானாகப் பதமாகும். மும்பைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதன் ஃபோர்ட் வளாகத்து நூலகமும் ராஜாபாய் மணிக்கூண்டும் பருத்தித் தரகர் பிரேம்சந்த் ராய்சந்தின் நன்கொடையில் எழுந்தவை. நூலகத்துக்கு 2 லட்சம், பிறகு மணிக்கூண்டுக்கு இன்னொரு 2 லட்சம். கூண்டுக்கு அவருடைய அம்மாவின் பெயர். வரைந்து கொடுத்த கில்பர்ட் ஸ்காட் மும்பைப் பக்கமே வந்ததில்லை. 1869-இல் ஆரம்பித்த வேலை 1878-இல் முடிந்தது. வெளியாள் நேராக உள்ளே போக முடியாது. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்திலோ நூலகத்திலோ ஓர் அறிமுகக் கடிதம் வாங்கி, முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பாஸ்போர்ட் நகலோடு போங்கள். மெட்ரோ 3-இல் ஹுதாத்மா சௌக்கில் இறங்கினால் பக்கம்.

அங்கிருந்து ஹார்னிமன் சர்க்கிள் பக்கமாக நடந்தால் டவுன் ஹால் படிக்கட்டு. 1804-இல் தொடங்கிய சங்கத்தின் வாரிசான ஏசியாட்டிக் சொசைட்டி அங்கே இருக்கிறது. அதன் பெரும்பொருள்களும் கொடுத்தவர் பெயரோடுதான் நிற்கின்றன: எல்ஃபின்ஸ்டன் கொடுத்த தாந்தேயின் பழைய கையெழுத்துப் பிரதி, பாவு தாஜி, பகவன்லால் இந்திரஜி ஆகியோரின் ஏட்டுத் தொகுப்புகள். வாசக அறையில் பேனாவைப் பையில் வைத்துவிட்டுப் பென்சில் எடுங்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள்.

தஹிசரில் இருக்கும் ஸ்பாரோவைத் தமிழர்கள் தவறவிடக் கூடாது. பெண்கள் வரலாற்றுக்கான ஒலி, பட ஆவணக் காப்பகம் அது. எழுத்தாளர் அம்பை, அதாவது சி.எஸ். லட்சுமி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் 1988-இல் தொடங்கியது. அம்மாவின் டைரி, பாட்டு நோட்டு, பாட்டியின் கடிதங்கள், ஸ்டுடியோ போட்டோ எல்லாம் எங்கே போக வேண்டும் என்று யோசித்தால் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

பீரோவுக்குள் எது முக்கியம்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் பிரிக்கிறார்கள். தங்க எழுத்து முதுகு கொண்ட கம்பராமாயணத் தொகுதியைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, கீழ்த் தட்டில் இருக்கும் நோட்டீஸ் கட்டைக் குப்பையில் போடுவார்கள். அந்தப் பதிப்பு ஐம்பது நூலகத்தில் இருக்கும். நோட்டீஸ் உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

எனவே தேடுங்கள்: சங்கத்து ஆண்டு மலர்கள், தமிழ்ப் பள்ளிக்கூட மலர், மன்றங்களின் கூட்ட அறிக்கை, தேர்தல் துண்டுப் பிரசுரம், நாடக நோட்டீஸ். 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய்க்கு வந்து அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்துப் போனார். அந்தக் காலத்துத் தாராவிக் கூட்டத்து நோட்டீஸ் ஒன்று எந்தத் தகரப் பெட்டியிலாவது மடிந்து கிடந்தால் அதன் மதிப்பை ஆராய்ச்சிக்காரர்தான் சொல்ல வேண்டும். அதே போல ஷண்முகானந்தா சங்கீத சபா நிகழ்ச்சித் தாள்கள். 1990-இல் அரங்கு தீப்பிடித்தது, 1998-இல்தான் மறுபடி திறந்தது. தீக்கு முந்தைய தாள் எது கிடைத்தாலும் தனியாக எடுத்து வையுங்கள்.

கையெழுத்துப் பத்திரிகை கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. காலனிப் பையன்கள் சேர்ந்து மாதம் ஒன்று எழுதி, படம் வரைந்து, சுற்றுக்கு விட்டது. பிரதி ஒன்றே ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில் படித்தவர்கள் எழுதிய கருத்துகள் இருக்கும், சண்டையும் இருக்கும். அதைக் கிழிக்காதீர்கள்.

அப்புறம் பைண்டு செய்த தொடர்கதைகள். விகடன், கல்கி, கலைமகளிலிருந்து வாராவாரம் பக்கத்தைக் கிழித்து, தைத்து, காலிகோ அட்டை போட்டது. இதே கதை புத்தகமாகக் கடையில் கிடைக்கிறதே என்று நினைப்பீர்கள். கடைப் புத்தகத்தில் படம் இருக்காது. பைண்டில் படம் இருக்கும், கதைக்குப் பின்பக்கத்து ஹேர் ஆயில் விளம்பரமும் கடிதங்களும் இருக்கும். பைண்டர் ஓரத்தை வெட்டும்போது தேதியையும் சேர்த்து வெட்டியிருப்பார். உள்ளே எந்தப் பக்கத்திலாவது தேதி தப்பியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பென்சிலால் ஒரு சீட்டில் குறித்து உள்ளே வையுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே மில்லிலும் தோல் கிடங்கிலும் வேலை பார்த்தவர்கள் வீட்டில் மணியார்டர் ரசீதுக் கட்டு இருக்கும். பணம் சேர்ந்ததும் ஊரில் அம்மா கைநாட்டு வைத்த துண்டு அனுப்பியவருக்கே திரும்பி வரும். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்ணின் ஊதாப் பெருவிரல் ரேகை, தபால் ஆபீஸ் முத்திரை, தொகை, தேதி, எல்லாம் உள்ளங்கை அளவு காகிதத்தில். ஒரு குடும்பம் எந்த வருஷம் எவ்வளவு அனுப்பியது, எந்த மாதம் அனுப்பவில்லை என்று அதிலிருந்து படிக்கலாம். மில் ஸ்ட்ரைக் வருஷங்களில் கட்டு மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். இதை யாரும் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பதே இல்லை.

எடுக்கும் விதம்: ஒவ்வொரு தட்டையும் கலைக்கும் முன் போனில் படம் எடுங்கள். அப்பா எதை எதோடு வைத்திருந்தார் என்பதும் தகவல்தான், அந்த வரிசையை மாற்றாதீர்கள். ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த குண்டூசியையும் கழற்றிவிட்டுப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே வேண்டாம். யுத்த காலத்திலும் அதற்குப் பிறகும் வந்த காகிதம் மட்டமானது, மடித்த இடத்தில் உடையும். விரித்து நிமிர்த்தும் ஆசையை அடக்குங்கள். கரையானோ ராமபாணப் பூச்சியோ இருந்தால் அந்தக் கட்டைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கொடுக்கும் இடத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மழைக் காலத்தில் இந்த வேலையே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் காகிதம் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டிசம்பர், ஜனவரி நல்லது.

வயதான அத்தையோ சித்தியோ இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கட்டாகக் காட்டி, போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். இந்தப் போட்டோவில் இடது ஓரத்தில் நிற்பவர் யார் என்று அடுத்த வருஷம் கேட்க முடியாமல் போகலாம்.

எதைக் கொடுக்கக் கூடாது

ஆர்வத்தில் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதும் உண்டு. பகடி வீட்டு (முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகைக்கு எடுத்த பழைய வீடு) வாடகை ரசீது, பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றின் அசலைக் கையில் வைத்திருங்கள். குடிசைப் பகுதிகளில் இலவச வீட்டுக்குத் தகுதி பார்க்கும்போது 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருந்ததைக் காட்டச் சொல்கிறார்கள். தாராவிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஸ்கேன் நகலைக் காப்பகத்துக்குக் கொடுங்கள். விவகாரம் முடிந்து புது வீட்டுச் சாவி கைக்கு வந்தபின் அசல்.

எழுத்தாளர்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் விஷயம் வேறு. காகிதம் உங்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவருடையது. இந்தியாவில் அது ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை நீளும், அச்சாகாத கடிதங்களுக்கு அதற்கு மேலும் நீளலாம். காப்பகத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், ஃபேஸ்புக்கில் போடுவதற்கு முன் வாரிசுகளிடம் கேளுங்கள். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய ஆசிரியர்களின் நூல்களுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

சூட்கேஸில் போடும் முன்

தாத்தாவின் ஓலைச்சுவடியை ஞாபகத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. வேண்டாம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடியோ ஆவணமோ 75 ஆண்டு தாண்டினால் தொல்பொருள். அதைத் தனியாள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மற்றப் பொருள்களுக்கு 100 ஆண்டு. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்க வேண்டும். மும்பை வட்டத்து அலுவலகம் சயான் கோட்டை அடியில், மாட்டுங்காக்காரர்களுக்குக் கூப்பிடு தூரம். இரண்டு நாள் லீவு மிச்சம் வைத்துக்கொண்டு இதற்குப் போகாதீர்கள், நேரம் எடுக்கும். விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் பையைத் திறந்த பிறகு விளக்கம் சொல்வது சுகமாக இருக்காது.

ஓலைச்சுவடி என்றால் சென்னையில் உ.வே.சா. நூலகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும் இடம் முக்கியம்.

யாரிடம், எப்படி

பெயர் பெற்ற கட்டடத்தில் அப்பாவின் பெயர்ப் பலகை வேண்டும் என்ற ஆசையில், தமிழ் தெரிந்த ஒருவர்கூட வேலை பார்க்காத நூலகத்துக்குப் பெட்டிகளைக் கொடுத்துவிடாதீர்கள். பட்டியலில் ஏறாத பெட்டியும் ரத்திக்கடையும் வாசகருக்கு ஒன்றே. கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள். யார் பட்டியல் போடுவார்? எவ்வளவு காலம் ஆகும்? இரட்டைப் பிரதிகளை என்ன செய்வீர்கள்? சேகரிப்பைப் பிரிப்பீர்களா, ஒன்றாக வைப்பீர்களா? உயிரோடிருப்பவர்களைப் பற்றிய கடிதங்களைச் சில ஆண்டு மூடி வைக்க முடியுமா? பதிலில் மழுப்பல் தெரிந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

நாவல்களும் சமையல் புத்தகங்களும் ஆய்வு நூலகத்துக்குத் தேவைப்படாது. அவற்றைச் சயானில் இருக்கும் தமிழ்ச் சங்கத்திலோ தாராவித் தமிழ்ப் பள்ளியிலோ கேட்டுப் பாருங்கள், படிக்க ஆள் இருக்கும். இலங்கையில் அச்சான நூல் ஏதாவது கலந்திருந்தால் ‘நூலகம்’ என்ற இலங்கைத் தமிழ் மின்னூலகத் திட்டத்துக்காரர்களுக்கு எழுதுங்கள். 2005-இலிருந்து அவர்கள் இணையத்தில் சேர்த்து வருகிறார்கள்.

கிளம்பும் முன் ஒரு பக்க நன்கொடைக் கடிதம் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே தட்டுவாரிப் பட்டியல். அண்ணன் தங்கைகளின் ஒப்புதலை மின்னஞ்சலிலாவது வாங்கி இணையுங்கள். இதைச் செய்யாமல் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மெல்போர்னிலிருந்து அண்ணன் போன் போட்டு, எங்கே என் பங்கு என்று கேட்கும் வீடுகள் இருக்கின்றன.

சென்னைக்கு அனுப்புவதென்றால் சின்னச் சின்ன அட்டைப்பெட்டியாகக் கட்டுங்கள். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் வைத்தால் அடி பிய்ந்துவிடும். அச்சுப் புத்தகங்களுக்கு அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய கியான் போஸ்ட் மலிவு, ஒரு பொதிக்கு 5 கிலோ வரை. கடிதங்களும் கையெழுத்துத் தாள்களும் அதில் போகாது. அவற்றை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், அதைவிட நல்லது யாராவது ரயிலில் கையோடு கொண்டுபோவது. பெட்டிக்கு வெளியே எழுதிய எண்ணும் பட்டியலில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பட்டியலின் ஒரு நகலை பீரோ இருந்த வீட்டின் புதுச் சாவி யாரிடம் போகிறதோ அவரிடமும் கொடுத்துவையுங்கள்.