ஒரே ரவுண்டில் பல அடி: பழைய டி&டி சண்டையை மேசையில் நடத்தும் விதம்

டி&டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்பது ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம். அதில் "இந்த ரவுண்டில் எனக்கு எத்தனை அட்டாக்?" என்று ஆட்டக்காரர் கேட்டதும் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். எந்த வகை அட்டாக் என்று முதலில் பாருங்கள். கரடிக்கு இருக்கும் மூன்று அட்டாக்கும், பதிமூன்றாம் லெவல் ஃபைட்டருக்குக் (போர்வீரன் பாத்திரத்துக்கு) கிடைக்கும் இரண்டு அட்டாக்கும் ஒரே சங்கதி இல்லை. மேசையில் வரும் தகராறில் பாதி இதைக் குழப்புவதால் வருவது.

இங்கே சொல்வதெல்லாம் ஏடி&டி (அட்வான்ஸ்டு டி&டி) முதல் பதிப்பை வைத்துத்தான். அதில் ஒரு ரவுண்ட் என்பது ஒரு நிமிடம். உதாரணத்துக்கு, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் திருவிதாங்கூர் தளபதி டி லனாய் கல்லறைப் பக்கம் போக வேண்டாம், மதில் ஓரமே போதும்.

முதல் வகை, மிருகத்தின் வழக்கமான தாக்குதல். பழுப்புக் கரடிக்கு நகம் 1-6 டேமேஜ் (பட்டால் குறையும் உயிர்), இன்னொரு நகம் 1-6, கடி 1-8. மூன்றும் சேர்ந்து ஒரே முறை என்று கணக்கு. கரடியின் இனிஷியேட்டிவ் (பகடையில் முடிவாகும் அடிக்கும் முறை) வந்ததும் மூன்றையும் ஒன்றாக உருட்டிவிடுங்கள். ஆனால் மூன்று டி20-யும் (இருபது முகப் பகடை) மூன்று நிறத்தில் இருக்கணும்: சிவப்பு வலது கை, நீலம் இடது கை, வெள்ளை கடி. ஏனென்றால் நகம் 18 அல்லது அதற்கு மேல் விழுந்து பட்டால் கரடி கட்டிப்பிடித்து இன்னொரு 2-12 கொடுக்கும். கடியில் 18 விழுந்தால் அது கிடையாது. ஒரே நிறத்தில் மூன்றை உருட்டிவிட்டு, "அந்தப் பதினெட்டு நகமா, பல்லா?" என்று பிறகு யோசித்தால் சண்டை மேசைக்கு வெளியே போய்விடும்.

பிணந்தின்னிப் பேயிடம் இன்னும் கவனம் வேண்டும். அதன் மூன்று அடியில் எது பட்டாலும் உடல் மரத்துப்போகும், ஒவ்வொரு அடிக்கும் தனித்தனி சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் பகடை, சுருக்கமாக சேவ்). நேரம் மிச்சம் என்று மொத்தத்துக்கும் ஒரே சேவ் கொடுக்கும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) நிறையப் பேர். முதல் லெவல் ஃபைட்டருக்கு 14 அல்லது மேல் விழணும், அதாவது 35 சதவீதம். இரண்டு அடி பட்டு இரண்டு சேவிலும் தப்பிக்க வாய்ப்பு 12 சதவீதம்தான். ஒரே சேவ் கொடுத்தால் பேயின் பயமே போச்சு. எல்ஃப்களுக்கு மட்டும் இந்த மரத்துப்போதல் ஏறாது.

இரண்டாவது வகை, ஃபைட்டரின் வேகம். 1 முதல் 6 லெவல் வரை ரவுண்டுக்கு ஒன்று, 7 முதல் 12 வரை இரண்டு ரவுண்டுக்கு மூன்று, 13 முதல் ரவுண்டுக்கு இரண்டு. இதை மட்டும் ஒன்றாக உருட்டக் கூடாது. இரண்டு முறை அடிக்க உரிமை உள்ளவர் அந்த ரவுண்டில் முதலாவதும் அடிப்பார், கடைசியும் அடிப்பார். எதிரிக்கு அந்த உரிமை இல்லையென்றால் இனிஷியேட்டிவ் யார் ஜெயித்தாலும் இதுதான் வரிசை. இரு பக்கமும் அப்படி ஆள் இருந்தால், இனிஷியேட்டிவ் ஜெயித்தவருக்கு முதலாவதும் மூன்றாவதும், தோற்றவருக்கு இரண்டாவதும் நான்காவதும். இரண்டையும் சேர்த்து உருட்டினால் ஃபைட்டருக்குக் கேடு வராமலே எதிரி விழுந்துவிடும். நடுவில் எதிரியான ட்ரோல் (அரக்கன்) அடிக்கும் அந்த இடம்தான் சண்டையின் ருசி.

மூன்றாவது, கூட்டத்தை வெட்டிச் சாய்ப்பது. ஒரு ஹிட் டைஸுக்கும் (உயிர் எவ்வளவு என்று சொல்லும் பகடை) குறைவான எதிரிகளிடம் ஃபைட்டருக்கு லெவல் எவ்வளவோ அத்தனை அட்டாக். கோபோல்ட் என்ற குட்டி எதிரி சேரும், கோப்ளினும் (1-1, அதாவது ஒரு டைஸில் ஒன்று குறைவு) சேரும். ஆர்க் முழு ஒரு ஹிட் டைஸ், ஆகவே சேராது. ஏழாம் லெவல் ஃபைட்டர் ஆர்மர் கிளாஸ் (தற்காப்பு எண்) 7 உள்ள கோபோல்டை அடிக்க 7 விழணும், 70 சதவீதம். ஏழு உருட்டினால் சராசரி ஐந்து படும். கோபோல்டின் உயிர் அதிகபட்சம் 4. ஆகவே டேமேஜில் +3 இருப்பவருக்கு டேமேஜ் பகடையே உருட்ட வேண்டாம், பட்டால் சாவு. அப்படியே விட்டால் ஒரு ரவுண்டுக்கு ஐந்து நிமிடம் தின்கிற வேலை இது.

கோபோல்டுகளுக்குப் புளியங்கொட்டையை வையுங்கள், செத்தால் எடுத்துவிடலாம். தோட்டத்தில் கிடக்கிறதே என்று ஓட்டோடு கொல்லாங்கொட்டையை (முந்திரிக்கொட்டை) மட்டும் வைக்க வேண்டாம். ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் பொள்ளிவிடும், மேப்பிலும் கறை.

கோபோல்ட் கூட்டத்துக்கு நடுவே ஒரு ஆர்க் நின்றால்? நம்ம தீர்ப்பு: ஏழு அடியும் சில்லறைகளுக்கே, அல்லது ஆர்க்குக்கு வழக்கமான அடி மட்டும். பாதி இங்கே, பாதி அங்கே கிடையாது. எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை உருட்டுமுன் சொல்ல வையுங்கள். 19 விழுந்த பிறகு "லேய், நான் ஆர்க்கைல்லா சொன்னேன்" என்பவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

இரு கையிலும் ஆயுதம் பிடிப்பவருக்கு அடிக்கும் உருட்டலில் முதல் கையில் -2, மறு கையில் -4, நல்ல டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) இருந்தால் குறையும். மறு கையில் கத்தியோ கைக்கோடரியோதான். வில்லுக்கு ரவுண்டுக்கு இரண்டு அம்பு.

அடி வாங்கும் பக்கத்தையும் எண்ணணும். சின்னக் கேடயம் ரவுண்டுக்கு ஒரே ஒரு அடியைத்தான் தடுக்கும், பெரியது மூன்றை. பெரிய கேடயம் இருந்தாலும் நான்கு கோப்ளின் சூழ்ந்தால் நான்காவதுக்குக் கேடயமில்லாத ஆர்மர் கிளாஸ்.

இரண்டு ரவுண்டுக்கு மூன்று அடி உள்ளவர் எந்த ரவுண்டில் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் மறக்கும். முதல் ரவுண்டில் ஒரு அடி, அடுத்ததில் இரண்டு என்று மேசையில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை அடி முடிந்ததும் அவர் தாளின் மேல் ஒரு மஞ்சாடிக்குரு (சிவப்பு விதை), இரட்டை அடி முடிந்ததும் எடுத்துவிடுவது. சண்டை முடிந்தாலும் எடுத்தே தீரணும், இல்லாவிட்டால் அடுத்த அறைக்கதவை இரட்டை அடியோடு உதைத்துத் திறப்பார்.